மிச்சச் சோறு யாருக்கு?

"டாக்டர், வெளியில எதுவும் சாப்பிடலை. முந்தாநாள் வச்ச குழம்புதான். ஃப்ரிட்ஜ்லதானே இருந்துச்சு!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் இல்லத்தரசிகள் பலர் சொல்வது இது. "கொட்ட மனசு வரலை" என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். நல்ல மனசுதான். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024-ம் வருஷ அறிக்கைப்படி, நம் நாட்டு வீடுகளில் தோல், கொட்டை எல்லாம் சேர்த்து ஆளுக்கு வருஷம் 55 கிலோ உணவு குப்பைக்குப் போகிறது. அதற்காகக் குப்பைக்கூடைக்குப் பதில் அம்மாவின் வயிறா?

முதல் நாள் கறியை மறுநாள் தொடக்கூடாது என்பது தேரையர் விதித்த பத்தியம். 'அவர் காலத்தில் ஃப்ரிட்ஜ் ஏது?' என்பீர்கள். மதியம் முழுக்க அடுப்பு மேடையில் கிடந்த குழம்பை எந்த ஃப்ரிட்ஜும் புதுசாக்காது.

சாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். அரிசியில் உள்ள ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துக்கள் வெந்த பிறகும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணினாலும் அது போகாது. அதனால் மதியச் சாதத்தை ராத்திரி வரை வைத்திருந்து தண்ணீர் ஊற்றிப் பிரயோஜனமில்லை. ராத்திரி வடித்ததில் மிஞ்சியதை, ஆறியவுடன் தண்ணீர் விட்டு மூடி வையுங்கள். விடிவதற்குள் லேசாகப் புளிக்கும். அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை அடக்கும். காலையிலேயே மோர், உப்பு, சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டுவிடணும். மூக்கடைப்பு, இழுப்பு உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. சர்க்கரைக்காரர்களே, பழையதானாலும் சாதம் சாதம்தான்!

மிஞ்சும் என்று தெரிந்தால், சாப்பிட உட்காரும் முன்பே தனி டப்பாவில் எடுத்து வைத்துக் கொடுத்துவிடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் மூன்றாம் நாள் நீட்டும் கூட்டு தானமல்ல. வயிற்றுப்போக்கு வந்தால் அவருக்கு அன்றைய சம்பளமும் போச்சு.

கல்யாண வீடுகளிலும் இதே கணக்குதான். கோயமுத்தூரில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' மாதிரி அமைப்புகள், இலைக்குப் போகாத சாப்பாட்டை வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொடுக்கின்றன. முந்தின நாளே சொல்லி வையுங்கள். பாத்திரம் கழுவும் நேரத்தில் போன் பண்ணினால் சாப்பாடு ஊசிப்போயிருக்கும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் அவியலும்தான் முதலில் கெடும்; அவற்றை முதலில் அனுப்புங்கள்.