பெருங்கதையின் மின்பதிப்பும் சூழல்சாரா இலக்கணமும்

முன்னுரை

கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை உ.வே. சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்தார். கொங்குநாட்டின் அக்காப்பியத்திற்கு எக்ஸ்எம்எல் குறியீட்டு மொழியில் மின்பதிப்பு அமைக்க முற்படின் எழும் இலக்கணச் சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

வரையறையும் இலக்கணமும்

சோம்சுகி 1956-இல் முன்வைத்த இலக்கண வகைகளுள் ஒன்று சூழல்சாரா இலக்கணம். ஓர் உறுப்பு எவ்வெவ்வுறுப்புகளாக விரியும் என்பதை அதன் விதிகள் கூறும். எக்ஸ்எம்எல்லின் ஆவண வகை வரையறையும் அத்தகையதே: நூல் காண்டங்களாகவும், காண்டம் உட்பிரிவுகளாகவும், உட்பிரிவு அடிகளாகவும், அடி சீர்களாகவும் விரியும். உள்ளே திறந்த குறி, வெளிக்குறி மூடப்படும் முன்னரே மூடப்பட வேண்டும். ஆதலின் ஆவணம் ஒரே மரமாக அமைகிறது. பெருங்கதையின் முதலும் இறுதியும் கிடைக்காமையால், விடுபட்ட பகுதியைச் சுட்டும் உறுப்பையும் வரையறை ஏற்றல் வேண்டும்.

வகையுளிச் சிக்கல்

ஒரு சொல் இரு சீர்களில் பிரிந்து நிற்பது வகையுளி. அச்சொல்லின் குறி ஒரு சீரினுள் திறந்து மறுசீரினுள் மூடுமாயின், சொல்லும் சீரும் ஒன்றையொன்று வெட்டும்; எக்ஸ்எம்எல் அதனை ஏற்காது. அகவலில் தொடர் ஓர் அடியின் இடையே முடிந்து, அடுத்த தொடர் அங்கேயே தொடங்கும்போதும் இதுவே நிகழும். சீரை மட்டும் குறித்தால் சொல்லடைவில் சொற்கள் சிதையும். சொல்லை மட்டும் குறித்தால் யாப்பு மறையும்.

முடிவுரை

யாப்பும் சொல்லும் தனித்தனியே மரங்களாகும். இரண்டும் சேர்ந்து ஒரே மரமாகா. எனவே, மூலத்தை எண்ணிட்டு நிறுத்தி, இரு பகுப்புகளையும் புறத்தே வைத்து அவ்வெண்களால் இணைப்பதே பொருத்தமாகும். குறியீட்டு வரையறை, பதிப்பாசிரியரின் இலக்கணக் கொள்கையே ஆகும்.