பிரசவத்துக்குப் பின் எடையும் சர்க்கரையும்

மகப்பேறு விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியையை நாம் எப்படி வரவேற்கிறோம்? "என்ன டீச்சர், இப்படி உடம்பு போட்டுட்டீங்க?" என்றுதான் பெரும்பாலும். செங்கல்பட்டை அடுத்த ஒரு பள்ளிக்கு நான் 2012இல் திரும்பியபோதும் அதே கேள்விதான். வெட்கப்பட்டுக் காலை உணவை நிறுத்தினேன். பதினோரு மணிக்குக் கை நடுங்கும். இடைவேளையில் சர்க்கரை போட்ட டீ, நாலைந்து பிஸ்கட். எடை கூடியதுதான் மிச்சம்.

கர்ப்ப காலத்தில் 10 முதல் 12 கிலோ கூடுவது இயல்பு. குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எனப் பாதியளவு பிரசவத்தோடும் அடுத்த சில நாட்களிலும் இறங்கிவிடும். மீதியில் பெரும்பகுதி, தாய்ப்பால் சுரப்பதற்காக உடல் சேர்த்துவைத்த கொழுப்பு. அது மாதக்கணக்கில் மெல்லத்தான் கரையும். பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பட்டினி கிடந்தால் தாய்க்குத்தான் சோர்வு.

நம் பத்திய உணவில் நல்லது நிறைய உண்டு. மாமல்லபுரம் கடலோரக் குப்பங்களில் பிள்ளை பெற்றவளுக்கு மீன் தவறாது. நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களைக் குழம்பாக வைத்தால் புரதமும் கிடைக்கும், எண்ணெயும் குறையும். பெரிய சுறாவில் பாதரசம் சேர வாய்ப்புள்ளதால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். நெய்யும் வெல்லமும் சேர்ந்த லேகியம் நெல்லிக்காய் அளவு போதும். "தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பாலூட்டும் தாய்க்குத் தண்ணீர் அவசியம்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். சிறிது சிறிதாகத் தொடங்குங்கள். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே வயிற்றுக்கான பயிற்சிகளைச் செய்ய வேண்டும்.

இனி முக்கியமான செய்தி. எனக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தது. பிரசவமான ஆறாவது வாரம் மீண்டும் பரிசோதிக்கச் சொன்னார்கள். கைக்குழந்தையோடு எங்கே போவது என்று விட்டுவிட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவ முகாமில் நீரிழிவு இருப்பது தெரிந்தது. கர்ப்ப காலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். எடையைக் கட்டுக்குள் வைத்தால் அது குறையும். எனவே ஆறாவது வாரம் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். முடிவு இயல்பாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை பரிசோதிப்பது நல்லது.

அன்று எங்களுக்கு ஆறு மாத விடுப்பு. 2021 ஜூலை 1 முதல் அது 12 மாதம். நல்ல பழக்கங்கள் படிய இந்த அவகாசம் உதவும். என் உடம்பைப் பற்றிக் கேட்ட யாரும் அன்று என் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்து ஒரு சக ஆசிரியை திரும்பி வரும்போது, "ஆறாவது வாரம் டெஸ்ட் எடுத்தீங்களா டீச்சர்?" என்று தனியே அழைத்துக் கேளுங்கள்.