சோளமாவு இன்றிக் கெட்டிப்படும் தக்காளி சாஸ்

நீரிழிவின் காரணமாகவோ எடையைக் குறைப்பதற்காகவோ மாவுச்சத்தைச் சுருக்கிக்கொண்டவர்கள் பலரும் எழுப்பும் கேள்வி, தக்காளி சாஸை வீட்டிலேயே சர்க்கரை சேர்க்காமல் காய்ச்சிக்கொண்டால் போதாதா என்பதாகும். ஓரளவுக்கே போதும். கடையில் விற்கும் கெச்சப்பில் 100 கிராமுக்குப் பொதுவாக 20 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருக்க, பழுத்த தக்காளியில் அது 2.6 கிராம் அளவே. ஆயினும் அடுப்பில் ஆவியாவது நீர் மட்டும்தான் என்பதால், ஒரு கிலோ பழத்தில் இருந்த 26 கிராம் சர்க்கரையும், சாஸ் 300 கிராமாகச் சுண்டிய பின்னர், 100 கிராமுக்கு ஏறக்குறைய 9 கிராம் என்ற செறிவில் அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று புட்டியின் மேல் ஒட்டப்படும் விளம்பர வாசகம் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. சுண்டவிடாமல் சோளமாவைக் கரைத்து ஊற்றினாலோ, மேசைக்கரண்டிக்கு ஏழு கிராம் மாவுச்சத்து புதிதாக நுழைகிறது. இரண்டுமின்றிச் சாஸைக் கெட்டிப்படுத்தும் பொருள் பழத்திலேயே உண்டு, அதுதான் பெக்டின்.

பெக்டின் என்பது தாவரச் செல்களின் சுவர்களை ஒட்டவைக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறு; அதன் கண்ணிகள் காலக்டுரோனிக் அமிலத்தால் ஆனவை, அவற்றுள் பலவற்றின் மேல் மெத்தில் தொகுதிகள் அமர்ந்திருக்கின்றன. இதனை ஒரு மல்லிகைச் சரமாகக் கொண்டால், அமிலச் சங்கிலி நார், மெத்தில் தொகுதிகள் பூக்கள். கூடை நிறைய நீண்ட சரங்கள் பின்னிக் கிடக்கும்போது தெளித்த நீர் அவற்றினிடையே சிக்கி வழியாமல் நிற்பதுபோல, நீண்ட பெக்டின்கள் சாஸின் நீரைப் பிடித்துவைக்கின்றன. பழத்தை நறுக்கியதும், அதுவரை விலகியிருந்த இரண்டு நொதிகள், அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதங்கள், இச்சரங்களை அடைகின்றன. முதலாவதான பெக்டின் மெத்தில்எஸ்டரேஸ் பூக்களைப் பறித்துக்கொண்டே செல்கிறது. இரண்டாவதான பாலிகாலக்டுரோனேஸ் கையில் கத்தரிக்கோல் இருந்தாலும், பூ நெருங்கியிருக்கும் இடத்தில் அது இறங்குவதில்லை. பூ உதிர்ந்த வெற்று நாரை மட்டுமே அதனால் வெட்ட முடியும். ஒன்று பறித்துச் செல்ல மற்றொன்று வெட்டிக்கொண்டு பின்தொடரும் இந்த வேலை முடிந்தபின், முழம்போட்டு அளக்க ஒரு சரமும் மிஞ்சுவதில்லை; துணுக்குகள் ஒருபுறமும் நீர் ஒருபுறமுமாகப் பிரிந்துவிடுகின்றன. மிக்சியில் பச்சையாக அரைத்து வைத்த தக்காளிச் சாறு சற்று நேரத்தில் இரண்டாகப் பிரிவது இதனால்தான். ஒரு சங்கிலியைச் சிதைக்க இரு நொதிகள் இவ்வாறு ஒன்றையொன்று எதிர்பார்த்திருப்பது உண்மையில் வியக்கத்தக்க ஏற்பாடு.

வெப்பம் இந்நொதிகளைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் இளஞ்சூடு அவற்றை மேலும் விரைவாக இயங்கவைக்கும். எனவேதான் ஆலைகளில், பழத்தை நசுக்கிய கணமே 90 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றுவதால் கெட்டியான கூழும், 65 பாகையை ஒட்டி நிறுத்துவதால் பச்சை மணம் மிக்க, ஆனால் நீர்த்த கூழும் கிடைக்கின்றன. வீட்டில் செய்வோர், சதைப்பற்று மிக்க பெங்களூர்த் தக்காளியில் சில துண்டுகளை மட்டும் முதலில் அகன்ற வாணலியில் இட்டு, பெருந்தீயில் மசித்துக் கொதிக்கவைத்து, அந்தக் கொதி அடங்காதவாறு மற்றவற்றை நறுக்க நறுக்கச் சேர்க்க வேண்டும். அரைப்பது வெந்த பிறகே.

வரலாற்றைப் பொறுத்தவரை ஒரு செய்தி போதும். பாலிகாலக்டுரோனேஸ் உருவாகாதபடி மரபணு மாற்றிய 'ஃபிளேவர் சேவர்' தக்காளி 1994-இல் அமெரிக்காவில் பெரும் ஆரவாரத்துடன் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே மறைந்தது. பழம் மென்மையாவதில் வேறு நொதிகளுக்கும் பங்குண்டு என்பதை அந்த ஆரவாரம் கணக்கில் கொள்ளவில்லை. அதே உத்தியால் பிரிட்டனில் 1996-இல் வெளிவந்த தக்காளிக் கூழோ, கெட்டித்தன்மையில் சொன்னதைச் செய்தது.

சுவைக்காக விதையைச் சூழ்ந்த வழவழப்பான பகுதியை நீக்காதிருப்பது நன்று. உணவுக்கு ருசியூட்டும் குளுடமிக் அமிலம் சதையைவிட அங்கேதான் மிகுதி. கெச்சப்பில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இருப்பதன்று. நுண்ணுயிர்களுக்கு நீர் எட்டாதபடி அது கட்டிவைக்கிறது. அந்தக் காவல் இல்லாத வீட்டுச் சாஸில் சிறிது வினிகர் சேர்த்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். புளிப்பைத் தணிக்கச் சமையல் சோடா இடும் வழக்கம் இதற்குப் பொருந்தாது; சர்க்கரை போன பின், சாஸைக் காப்பது அந்தப் புளிப்புத்தான்.