முட்டி மடங்கும் கோணம்

முட்டி 90 டிகிரி மடங்கினால் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். குத்துக்காலிட்டு உட்கார முடியாது. அதற்கு 130 டிகிரியாவது வேண்டும்.

ஒரத்தநாட்டில் பட்டுக்கோட்டை சாலையில் பைக்கிலிருந்து தூக்கி வீசப்பட்ட இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆபீஸ் குமாஸ்தா, மற்றவர் வயல் வேலைக்காரர். ஒரே இடத்தில் எலும்பு முறிவு, ஒரே மாதிரி பிளேட், ஸ்குரு. இருவருக்கும் முட்டி 90 டிகிரியோடு நின்றுவிட்டது. குமாஸ்தா சில மாதத்தில் சீட்டுக்குத் திரும்பிவிடுவார். வயல் வேலைக்காரரால் உட்கார்ந்து களை பறிக்க முடியாது. வழுக்குகிற வரப்பில் உரமூட்டையோடு நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான். இந்த வித்தியாசத்தை ரூபாயாக்குவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வேலை. உடம்பின் இழப்பு எண்ணாக மாறும் விதம் விசித்திரமானது.

எலும்பு சாட்சி சொல்ல ஆரம்பித்து நூற்றாண்டு தாண்டிவிட்டது. ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8-ல். அடுத்த மார்ச் மாதமே அது இங்கிலாந்தில் கோர்ட் படியேறிவிட்டது. நாட்டிங்ஹாம் நாடகக் கொட்டகையின் படிக்கட்டில் விழுந்த ஒரு நடிகை நஷ்டஈடு கேட்டிருந்தார். அவருடைய இரண்டு பாதங்களையும் எக்ஸ்ரே எடுத்து ஜூரியிடம் காட்டினார்கள். இடது பாதத்தில் ஒரு சிற்றெலும்பு இடம் மாறியிருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது.

படம் தேதியும் சொல்லும். புதிதாக முறிந்த எலும்பின் விளிம்பு, ஒடித்த கரும்பின் முனைபோலக் கூராக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அதைச் சுற்றி மங்கலாகப் புது எலும்பு படியத் தொடங்கும். கூடாமலே பழசாகிப்போன முறிவின் விளிம்பு மழுங்கி, கெட்டிப்பட்டிருக்கும். "இது வயசுத் தேய்மானம், விபத்தால் வந்ததில்லை" என்று இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வாதாடும்போது, விபத்து நடந்த அன்று எடுத்த படம் கையில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

முறிவு கூடிய பிறகுதான் அளவெடுப்பு வரும். டாக்டர் கோணமானியை முட்டியின் பக்கவாட்டில் வைத்து மடக்கச் சொல்லுவார். டேப்பால் இரண்டு தொடையையும் சுற்றி அளப்பார். உபயோகிக்காத தசை இளைத்துப்போகும் என்பதால் வேண்டுமென்றே நொண்டிக் காட்டுகிறவரை டேப் காட்டிக்கொடுத்துவிடும். தசைபலத்துக்கு 0 முதல் 5 வரை மார்க். இது இரண்டாம் உலகப்போரில் நரம்பு அறுபட்ட சிப்பாய்களுக்காக பிரிட்டிஷ் மருத்துவர்கள் வகுத்தது.

இனி நம் அரசின் ஊன மதிப்பீட்டு நெறிமுறைப்படி கணக்கு. முட்டி 140 டிகிரி மடங்க வேண்டியது, 50 போய்விட்டது, இழப்பு 36 சதவீதம். ஆனால் காலின் அசைவில் இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றுக்கும் தலா 0.30 பங்குதான். பெருக்கினால் 11 சதவீதம்கூடத் தேறாது. தசைபலம் 5-க்கு 4 என்றால் அதற்கு 20 சதவீதம், பங்கால் பெருக்கினால் 6. இரண்டையும் சும்மா கூட்டக் கூடாது. இரண்டாவது இழப்பு, முதலாவது விட்டுவைத்த மிச்சத்தில்தான் விழும் என்பதற்காகவே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதில் போட்டால் 16 சொச்சம் வரும். அதுவும் அந்தக் காலுக்குத்தான், முழு உடம்புக்கு அல்ல. காலே வாழ்க்கையாக இருக்கிற மனிதருக்கு 16 சதவீதமா என்று கேட்கத் தோன்றும். கோணமானிக்கு நடவும் தெரியாது, களையெடுப்பும் தெரியாது.

உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் வழக்கில் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. பாலாடைக்கட்டி வியாபாரியான ராஜ்குமாரின் சான்றிதழில் இடது காலுக்கு 45 சதவீத ஊனம். நீதிமன்றம் அதை முழு உடம்புக்கு 25 என்றும், வருமான இழப்புக்கு 20 என்றும் குறைத்தது. அதே தீர்ப்பு, இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ இழப்பு முழுசாகவே இருக்கலாம், குமாஸ்தாவுக்கு அப்படி இருக்காது என்றும் சொன்னது. 2012-ல் தீர்ப்பான இன்னொரு வழக்கில், கால் இழந்த வண்டி இழுக்கும் தொழிலாளிக்குச் சான்றிதழ் 60 என்றது. நீதிமன்றம் 90-க்குக் குறையாது என்றது. டாக்டர் மருத்துவச் சொற்களில் பேசினால், காயத்தின் விளைவைச் சாதாரண மொழியிலும் சொல்லவைக்க வேண்டும் என்பது ராஜ்குமார் தீர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம். "இவரால் குத்துக்காலிட முடியாது" என்ற ஒரு வரிக்கு லட்சக்கணக்கில் மதிப்பு. 42 வயது, மாதம் 10,000 ரூபாய் வருமானம் என்று வையுங்கள். அந்த வயதுக்கு, ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண் 14. இழப்பு 10 சதவீதம் என்றால் 1,68,000 ரூபாய். 40 என்றால் 6,72,000. எக்ஸ்ரே ஒன்றேதான்.

இவ்வளவுக்கும் அஸ்திவாரம், அடிபட்டவரைக் கொண்டுபோனதும் அரசு ஆஸ்பத்திரியில் போடுகிற ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவு. கூட வந்தவர் சொல்வதை வைத்து டாக்டர் எழுதுவார். பதற்றத்தில் "தானா விழுந்துட்டார்" என்று யாரோ சொல்லிவைத்தால், இரண்டு வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த வரிதான் முதலில் எழும்.

ஆகவே எந்த வண்டி, எப்படி மோதியது என்பதை அங்கேயே தெளிவாகச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா எக்ஸ்ரே ஃபிலிம், மருந்து பில் எதையும் தூக்கிப்போடாதீர்கள். ஊனச் சான்றை வைத்தியம் பார்த்த டாக்டரிடமே கேட்டுப் பாருங்கள். உங்கள் தொழில் என்ன, அதில் எது இப்போது முடியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். மனு போட, திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் விபத்து நாளிலிருந்து 6 மாதம்தான் தருகிறது.