வண்ணமீனின் உடலில் மருந்து செல்லும் வழி

ரிங்லெட் தோட்டக் குடியிருப்பு ஒன்றில், கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் வளர்க்கும் அன்பர் ஒருவர், அதன் வால் அழுகுவதைக் கண்டு, மஞ்சள் தூள் ஒன்றை வாங்கி நீரிற் கரைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தூள் ஆக்சிடெட்ராசைக்ளின். அது மீனுக்குள் எவ்வழி நுழைகிறது?

நீரை விழுங்கி மருந்தையும் பெறும் என்று எண்ணுவோர் பலர். கடல்மீனுக்கு அஃது ஓரளவு பொருந்தும். நன்னீர் மீன் நீர் குடிப்பதோ மிக அரிது. அதன் குருதியில் உப்பு மிகுதி, சுற்றியுள்ள நீரிற் குறைவு. ஆதலின் நீர் தானே செவுளின் மெல்லிய தோல்வழி உள்ளே ஊறுகிறது. ஊறியதைச் சிறுநீரகம் ஓயாது வெளியேற்றுகிறது. கரைத்த மருந்தும் பெரும்பாலும் செவுள் வழியாகவே புகவேண்டும்.

இங்கேதான் நீரின் இயல்பு குறுக்கிடுகிறது. டெட்ராசைக்ளின் இன மருந்துகள் சுண்ணாம்புச் சத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்துகொள்ளும். பிணைந்தபின் செவுளைக் கடப்பது கடினம். வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்றது சென்னைக் கொளத்தூர். அத்தகைய சமவெளி ஊர்களின் கடினக் கிணற்று நீரில் வீணாகும் அதே அளவு மருந்து, கருங்கல் மலையில் ஊறிவரும் கேமரன் மலையின் மென்னீரில் மிகுதியாக உட்புகும். மருந்துறையில் அச்சிட்ட அளவை இரண்டிடத்தும் ஒன்றாகக் கொள்வது தவறு.

உணவில் கலந்து கொடுத்தாலோ? தங்கமீன் கெண்டையினத்தைச் சேர்ந்தது. கெண்டைமீனில் நடத்திய ஆய்வொன்றில், வாய்வழி தந்த ஆக்சிடெட்ராசைக்ளினில் ஒரு விழுக்காடுகூடக் குருதியை எட்டவில்லை; ஊசிவழி தந்ததிற் பெரும்பங்கு எட்டியது. நோயுற்ற மீன் உண்பதும் இல்லை!

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: இதை நாம் ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்கிறோம். உண்மையில் டெட்ராசைக்ளின் பெரும்பாலும் கொல்வதில்லை, பெருக்கத்தைத் தடுக்கிறது. எஞ்சியதை மீனின் உடலே முடிக்கவேண்டும். இக்குடும்பத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசினை 1948-இல் வெளியிட்ட லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதும் நினைவிற்குரியது.

இனி வெளியேற்றம். உட்புகுந்த மருந்து பெரும்பாலும் மாறாமலே சிறுநீரிலும் பித்தத்திலும் கழிகிறது. ஒரு பகுதி எலும்பிலும் செதிலிலும் நெடுநாள் தங்கும். மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பமே. நீர் குளிர்ந்தால் கழிவும் மெதுவாகும். எனவேதான் உண்ணும் மீனுக்குக் காத்திருப்புக் காலத்தைப் பாகை-நாளாகக் கணக்கிடுவர். தனி வரையறை இல்லாத மருந்துக்கு 500 பாகை-நாளுக்குக் குறையலாகாது என்றது 2001-ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி. 25 பாகை நீரில் அது 20 நாள். 20 பாகை நீரில் 25 நாள். வண்ணமீனை எவரும் உண்பதில்லை. ஆயினும் மலைக்குளிரில் மறுமுறை மருந்திட விரைவோர் இக்கணக்கை எண்ணிப் பார்த்தல் நன்று.

மருந்திட்ட நீரை வாய்க்காலிற் கொட்டுவதுதான் பெருங்கேடு. அங்கே நீர்த்துப்போன மருந்தில் சாகாது தப்பும் நுண்ணுயிர்கள் அதைத் தாங்கும் ஆற்றலைப் பெற்று, அவ்வாற்றலைத் தம் இனத்துப் பிறவற்றிற்கும், மனிதனைத் தாக்கும் வேற்றினங்களுக்கும் கூடக் கொடுக்கவல்லவை. ரிங்லெட் ஓடைகள் சேருமிடம், 1960-களில் சுல்தான் அபு பக்கார் அணை கட்டியதால் உண்டான ஏரி.