சுகர் இருக்கா? ஈறு கெடுவதை எச்சில் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்!

காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது நுரையோடு லேசாகச் சிவப்பு தெரிகிறதா? 'பிரஷ் குத்தியிருக்கும்' என்று கடந்துவிடுவோம். அதுவே சுகர் இருக்கிற அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நடந்தால், கொஞ்சம் கவனிக்கணும். ஏன்னா, ஈறு நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் பலரும் டாக்டரிடம் ஓடுகிறார்கள். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

சுகருக்கும் ஈறுக்கும் என்ன சம்பந்தம்?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. இவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம். சர்க்கரை எகிறினால் ஈறின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பாதிக்கப்படும், கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும், புண் சீக்கிரம் ஆறாது.

இது ஒருவழிப்பாதையும் கிடையாது. ஈறில் நீடிக்கும் அழற்சி, இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடாது. ஈறு நோய்க்கு சிகிச்சை எடுத்தவர்களுக்கு 3, 4 மாதங்களில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளி குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எச்சில் எப்படிச் சொல்லும்?

கிருமியோடு சண்டை போட வரும் வெள்ளையணுக்கள், எம்எம்பி-8 என்ற என்சைமை வெளியிடும். பல்லையும் ஈறையும் பிடித்துவைத்திருக்கும் கொலாஜன் நாரை இது வெட்டிவிடும். எச்சிலில் இந்த என்சைம் ஆக்டிவாக, அதிகமாக இருந்தால், உள்ளே அரிப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

இதை வைத்து ஒரு பரிசோதனையை உருவாக்கியதில் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் டிமோ சோர்சாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. சுத்தமான தண்ணீரை வாயில் ஊற்றி 30 விநாடி கொப்பளித்து, ஒரு கப்பில் துப்பணும். அதில் சில சொட்டுகளை ஸ்ட்ரிப்பில் விட்டால், பிரெக்னன்சி கிட் மாதிரி சில நிமிடங்களில் கோடு தெரியும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் இரண்டாவது கோடும் விழும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

ஆனா, இது வெறும் அலாரம்தான். எந்தப் பல், எவ்வளவு ஆழம் என்று இது சொல்லாது. பல் டாக்டர் மெல்லிய அளவுக் கம்பியை ஈறுக்குள் விட்டு அளந்து, எக்ஸ்ரே பார்த்துத்தான் நோயை உறுதி செய்வார்.

கிட் இல்லாட்டியும் கவலை வேண்டாம்

ஈறில் ரத்தம், வீக்கம், தீராத வாய் நாற்றம், பல் நீளமானதுபோலத் தெரிவது... இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம் வராமலேயே நோய் ஒளிந்திருக்கலாம், உஷார். 'கிளீனிங் பண்ணினா பல் ஆடிடும்' என்பதையும் நம்பாதீங்க. ஏற்கெனவே ஆடும் பல்லைக் காரை மறைத்துவைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஈறு மட்டும் வீங்கியிருக்கும் கட்டத்தில் பிடித்தால் முழுசா சரியாக்கலாம். அடுத்த முறை அப்பாவை சுகர் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்போ, பல் டாக்டரிடமும் ஒரு எட்டு போயிட்டு வாங்க!