பெயர் சொல்லிப் படையுங்கள்!

செத்துப்போனவர்களுக்கு வாசலிலிருந்து பூப்பாதை போட்டு, "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்று வரவேற்கும் தேசம் ஒன்று உண்டு. மெக்ஸிகோதான் அது. வருஷா வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி இறந்துபோன குழந்தைகளும், 2-ஆம் தேதி பெரியவர்களும் வீட்டுக்கு வருவதாக அங்கே நம்பிக்கை. வீட்டுக்கு வீடு மேஜை போட்டுத் துணி விரித்து, இறந்தவர் படத்தை நடுவில் வைக்கிறார்கள். வெகு தூரம் நடந்து வருகிறவருக்குத் தாகமாக இருக்குமே என்று ஒரு தம்ளர் தண்ணீர். பக்கத்தில் உப்பு, ரொட்டி, மெழுகுவர்த்தி. அப்புறம் முக்கியமான விஷயம்: அவருக்குப் பிடித்த பட்சணம்! சர்க்கரையில் சின்னச் சின்ன மண்டையோடுகள் செய்து, அவற்றின் நெற்றியில் பெயர் எழுதி வைப்பதும் உண்டு.

பூப்பாதைக்கு எந்தப் பூ தெரியுமா? நம் கடைவீதியில் மாலை மாலையாகத் தொங்குகிறதே, செண்டுமல்லி, அதுதான். அந்தப் பூவுக்குத் தாய்வீடே மெக்ஸிகோ என்றால் ஆச்சரியமாக இல்லை? அதே நவம்பர் 2-ஆம் தேதி நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களும் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூத் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். மெக்ஸிகோவின் இந்தத் திருநாளை 2008-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அதே யுனெஸ்கோ 2025-இல் உலகச் செல்வமாக ஏற்றுக்கொண்ட மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில், தமிழ்நாட்டைச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. அது நம்முடைய செஞ்சி! மெக்ஸிகோ போக விமான டிக்கெட் வேண்டும். செஞ்சிக்குத் திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால் போதும். இறந்தவரை எப்படி நினைப்பது என்ற கேள்விக்கு அங்கேயும் சில பதில்கள் இருக்கின்றன. ஒரு பெரிய குறையும் இருக்கிறது.

ராஜா தேசிங்கின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகவும் வந்ததே! ஔரங்கசீப்பின் சேனை 1698-இல் கோட்டையைப் பிடித்த பிறகு, அது புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கின் பொறுப்புக்கு வந்தது. அவருடைய மகன்தான் தேசிங்கு. தகப்பனார் இறந்ததும் பதவிக்கு வந்த இளைஞன், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்தான். நவாபின் பெரும்படையைக் கைப்பிடி ஆட்களோடு எதிர்த்து, 1714-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் போர்க்களத்தில் உயிர் விட்டான். அப்போது வயது இருபத்திரண்டு என்பார்கள். உயிர்த் தோழன் மகபத்கானும் அதே களத்தில் மாண்டான். கல்யாண வேளையில் சேதி கேட்டு ஓடி வந்தவன் என்று கதைப்பாட்டு அவனைக் கொண்டாடுகிறது.

பத்து மாதமே ஆண்டவனை முந்நூறு வருஷம் கழித்தும் ஜனங்கள் மறக்கவில்லை. கோட்டை கட்டியவர்களையும் அதை வருஷக்கணக்கில் முற்றுகையிட்டவர்களையும் சரித்திர மாணவர்கள்தான் சொல்ல வேண்டும். தேசிங்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தெருவில் உடுக்கடித்துப் பாடியவர்கள் அவனைக் காப்பாற்றி வைத்துவிட்டார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் செட்டிகுளக் கரையில் அவன் உடல் எரிந்த இடம் என்று ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். நீலாம்பூண்டியில் மகபத்கானின் சமாதியையும், தேசிங்கின் குதிரையைப் புதைத்த இடத்தையும் காட்டுகிறார்கள். அந்தக் குதிரையின் பெயர் பாராசாரி. பாட்டுக் கேட்ட குழந்தைகூடச் சொல்லும்.

சரி, ராணியின் பெயர் என்ன?

கணவனோடு அதே சிதையில் எரிந்தவள் அவள். அவளை நினைத்து நவாபு ஆர்க்காட்டுக்கு எதிரே, பாலாற்றங்கரையில் ஓர் ஊரையே ஏற்படுத்தினார் என்று சொல்வார்கள். அதுதான் ராணிப்பேட்டை. 2019-இல் மாவட்டமே ஆகிவிட்டது. ஆனாலும் பாருங்கள், ஊர்ப் பெயரிலும் 'ராணி'தான்! நூல்களைப் புரட்டினால் ராணியம்மாள் என்றும் ராணிபாய் என்றும் வருகிறது. இவையெல்லாம் பெயரா? 'டீச்சரம்மா' என்பது போன்ற அழைப்பு, அவ்வளவுதான். குதிரைக்குப் பெயர் இருக்கிறது. தோழனுக்குப் பெயர் இருக்கிறது. எரிந்துபோன பெண்ணுக்கு மட்டும் இல்லை.

அவள் எப்படிச் செத்தாள் என்பதை எல்லாரும் வியந்து பாடினார்கள். எப்படி இருந்தாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எந்தப் பாஷையில் கோபித்துக்கொண்டாள், எதை விரும்பிச் சாப்பிட்டாள், ஒன்றும் தெரியாது. உடன்கட்டை ஏறுவதை 1829-இல் வங்காளத்திலும், 1830-இல் சென்னை ராஜதானியிலும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதைப் புகழ்வதே குற்றம் என்று 1987-இல் இந்திய அரசாங்கம் சட்டம் செய்தது. நியாயம்தானே? சாவைப் புகழ்வது வேறு, செத்தவளை நினைப்பது வேறு.

செத்தவளை நினைக்கவும் இந்தச் சீமைக்குத் தெரியும். செஞ்சியை அடுத்த மேல்மலையனூருக்கு மாசி மாதம் போய்ப் பாருங்கள். மகா சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் கோயிலில் மயானக் கொள்ளை. பிரம்மாவின் தலையைக் கொய்த சிவபெருமான் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டதாம். இடுகிற பிச்சையையெல்லாம் அதுவே தின்றதாம். அம்மன் சுடுகாட்டில் சோற்றை இறைக்க, அதைத் தின்னக் கபாலம் கீழே இறங்கிற்றாம். அதனால்தான் பக்தர்கள் தானியமும் காய்கறியும் கொழுக்கட்டையும் காசும் மயானத்தில் சூறை விடுகிறார்கள். மெக்ஸிகோவின் சர்க்கரை மண்டையோடு ஞாபகம் வருகிறதல்லவா? அதே நாளில் வட மாவட்டங்களில் பலர் தங்கள் குடும்பத்துச் சமாதிகளைக் கழுவி, பூப்போட்டு, இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைக்கிறார்கள். சுருட்டுப் பிரியராக இருந்த தாத்தாவுக்குச் சுருட்டும் உண்டு!

வீட்டுக்குள்ளேயும் ஒரு வழக்கம் இருக்கிறது. அதற்குப் 'பூவாடைக்காரி' என்று பெயர். கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன வீட்டுப் பெண், அந்தக் குடும்பத்துக்குத் தெய்வமாகிவிடுகிறாள். கல்யாணம் கூடி வந்தால் முதல் மரியாதை அவளுக்குத்தான். நீர்க்கரையில் கரகம் ஜோடித்து, பம்பை உடுக்கை முழங்க அவளை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். புதுப் புடவை, மஞ்சள், வளையல், பூ எல்லாம் வைத்துப் படைப்பார்கள். அக்கிரகாரத்தில் இதையே சுமங்கலிப் பிரார்த்தனை என்கிறார்கள். அங்கே மணையில் புடவையை வைத்து, இலை போட்டுப் பரிமாறுவார்கள். பிறகு அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள். போனவளும் இருக்கிறவளும் ஒரே புடவையில்! எண்ணிப் பார்த்தால் கண் கலங்கத்தான் செய்கிறது.

ஆனால் நம் வழக்கத்தில் ஒரு நெருடல் உண்டு. பூவோடும் பொட்டோடும் போனவளுக்குத்தான் அந்தப் புடவை. முப்பது வயதில் கணவனை இழந்து, அப்பளம் இட்டும் மாவரைத்தும் நாலு பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டு, எண்பது வயதில் கண்மூடிய பாட்டிக்கு அந்த மணையில் இடமில்லை. அவளுக்குத் திதி உண்டு. தர்ப்பணத்தில் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர் வரும். ஆனால் கல்யாண வீட்டில், பெண்கள் கூடிப் படைக்கிற அந்தப் பாசமான படையலில் அவள் இல்லை. ஏன்? அவள் எப்படி வாழ்ந்தாள் என்று நாம் கேட்பதில்லை. எந்தக் கோலத்தில் செத்தாள் என்றுதான் கேட்கிறோம். செஞ்சி ராணிக்கு ஊர் செய்ததையே நாமும் நம் பாட்டிக்குச் செய்கிறோம்.

மெக்ஸிகோ மேஜையில் இந்தக் கேள்வியே இல்லை. விதவையா, சுமங்கலியா, கன்னியா என்று படத்தைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. "அத்தைக்கு எது பிடிக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். நம் மயானக் கொள்ளையில் தாத்தாவுக்குச் சுருட்டு வைக்கிறவரும் அதே கேள்வியைக் கேட்டவர்தானே? ஆகவே இது நமக்குப் புதிய பாடமல்ல. வீட்டுப் பெண்கள் விஷயத்தில் மட்டும் மறந்துபோன பாடம்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் படையல் போடும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "கொள்ளுப்பாட்டி பெயர் என்ன? அவர்களுக்கு எது பிடிக்கும்?" கல்யாண நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கத்தை மாற்ற மாமியார் சம்மதிப்பாரோ என்று தயங்க வேண்டாம். மணைக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் இலை போட யாரும் தடை சொல்ல மாட்டார்கள். டிகிரி காப்பி பிடித்தவளுக்கு ஒரு தம்ளர் காப்பி. சீடை பிடித்தவளுக்குக் கையளவு சீடை. வைக்கும்போது 'பாட்டி' என்று மட்டும் சொல்லாமல், அவள் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். குழந்தைகள் காதில் விழட்டும்.